அறுபதின் நெடுவழி: பாபிலோனியக் கணக்கீட்டு மரபின் தொடர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

மெசொப்பொத்தேமிய நாகரிகத்தின் மொழிகளும் எழுத்தும் சமயமும் வழக்கொழிந்த பின்னும் அதன் அறுபதின் அடுக்கு எண்முறை மட்டும் இடையறாமல் கைமாறி வந்துள்ளது. தானியக் கிடங்கின் கணக்கில் பிறந்த அம்முறை பிற நாடுகளில் வணிகத்திலோ நில அளவையிலோ இடம்பெறவில்லை. வானியலில் மட்டுமே நிலைத்தது. நெடுங்கால வானப் பதிவுகளும் அவற்றிலிருந்து பெறப்பட்ட மாறிலிகளுமே அதனைச் சுமந்து சென்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழகத்து வாக்கிய முறையில் இடம்பெறும் 248 நாள் சுற்றும் இத்தொடர்பில் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மெசொப்பொத்தேமியா, ஆப்பெழுத்து, அறுபதின் அடுக்கு, பிறைமாதம், வாக்கியப் பஞ்சாங்கம், அறிவுப் பரவல்

முன்னுரை

மெசொப்பொத்தேமியாவின் கொடைகளைக் கூறும் நூல்கள் எழுத்து, நகரம், சட்டத் தொகுப்பு, படிக்கட்டுக் கோபுரம் என்னும் வரிசையை வழக்கமாகத் தருகின்றன. இவை பெருமைக்குரியனவே. எனினும், நிலைத்தவை எவை என்று வினவினால் இவ்வரிசை தளர்ந்துவிடுகிறது. ஹமுராபியின் சட்டக்கல் 1901-02 ஆம் ஆண்டு அகழாய்வில் சூசாவில் கிடைக்கும் வரை அச்சட்டத் தொகுப்பை அறிந்தார் எவருமிலர். ஆப்பெழுத்தில் காலம் உறுதிசெய்யத்தக்க கடைசிப் பலகைகள் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அதன்பின் அவ்வெழுத்தைப் படிப்பார் இன்றிப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அகழ்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் அறியப்பட்ட ஒன்றை 'நிலைத்தது' என்று கூறுதல் பொருந்தாது.

அக்கடைசிப் பலகைகளின் உள்ளடக்கம் கருதத்தக்கது. அவை வானியல் குறிப்புகள். சுமேரிய மொழி பேச்சு வழக்கொழிந்து, அக்காதிய மொழியின் இடத்தை அரமேயம் பிடித்து, பாரசீகரும் கிரேக்கரும் பார்த்தியரும் அடுத்தடுத்து ஆண்ட பின்னரும், பாபிலோனின் கோயில் கணக்கர்கள் களிமண்ணில் கோள்களின் நிலையை எழுதிக்கொண்டிருந்தனர். அறுபதின் அடுக்கு எண்முறை நிலைத்தமைக்கான காரணத்தை இங்கிருந்தே தேட வேண்டும்.

கிடங்கில் பிறந்த எண்

உரூக் நகர அகழாய்வில் ஏறத்தாழ 5000 தொல் பலகைகளும் துண்டுகளும் கிடைத்துள்ளன. அவற்றுள் முற்பட்டவை கி.மு. 3300 அளவில் எழுதப்பட்டவை. பெரும்பான்மையானவை தானிய வரவு, கால்நடை எண்ணிக்கை, உணவுப் பங்கீடு ஆகியவற்றின் கணக்குகள். எழுத்து கணக்கிலிருந்து தோன்றியது என்னும் கருத்திற்கு இவையே அடிப்படை. ஹான்ஸ் நிசன், பீட்டர் டேமரோ, ராபர்ட் இங்லண்ட் ஆகியோர் இப்பலகைகளை ஆராய்ந்து, அக்காலத்தில் ஒரே எண்முறை வழங்கவில்லை என்று நிறுவினர். எண்ணப்படும் பொருளுக்கு ஏற்ப எண்முறை மாறியது. தனித்தனியாக எண்ணத்தக்க பொருள்களுக்கு ஒன்று, பத்து, அறுபது, அறுநூறு, மூவாயிரத்து அறுநூறு என்னும் அடுக்கு வழங்கியது. சிறு வட்டக்குறி இம்முறையில் அடிப்படைக் குறியின் பத்து மடங்கு. தானிய அளவில் அதே குறி ஆறு மடங்கு. நில அளவில் பதினெட்டு மடங்கு.

தமிழக ஆய்வாளர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. நெல்லுக்குப் படி, மரக்கால், கலம் என்றும், நிலத்திற்குக் குழி, மா, வேலி என்றும் தனித்தனி அடுக்குகள் வழங்கிய நாட்டில், எண்ணிக்கை பொருளோடு ஒட்டியிருத்தல் இயல்பே. வேறுபாடு அடுத்த கட்டத்தில் தோன்றுகிறது. கி.மு. 2100 அளவில் தொடங்கிய மூன்றாம் ஊர் வமிச அரசு பெருந்திரளான உழைப்பாளர்களையும் வயல்களையும் கால்வாய்ப் பணிகளையும் கணக்கில் வைத்திருந்தது. இத்தனை ஆள் இத்தனை நாளில் இவ்வளவு மண் வெட்டினால் கூலித் தானியம் எவ்வளவு என்னும் கணக்கில் ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவிற்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா அளவுகளையும் ஒரு பொது எண்ணாக மாற்றிப் பெருக்கி, விடையை மீண்டும் வழக்கமான அளவில் எழுதும் முறை அப்போது உருவாயிற்று. அறுபதின் அடுக்கில் அமைந்த இடமதிப்பு எண்முறை அதுவே. அது முடிந்த கணக்கேட்டில் இடம்பெறுவதற்காகத் தோன்றியதன்று. கணக்கரின் இடைக்கணக்கிற்கான கருவி. கணக்கு முடிந்ததும் அழிக்கப்பட்ட எழுத்து ஆதலின், அக்காலத்துச் சான்றுகள் குறைவாகவே எஞ்சியுள்ளன.

அறுபதை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 ஆகிய எண்கள் மீதியின்றி வகுக்கும். ஆகவே வகுத்தலைத் தலைகீழ் எண்ணால் பெருக்குதலாக மாற்றிவிட இயலும். எட்டால் வகுக்க வேண்டுமெனில் 7,30 என்பதால் பெருக்கினால் போதும். ஏழின் தலைகீழ் முடிவுறுவதில்லை; வாய்ப்பாட்டுப் பலகைகள் ஏழை விடுத்து எட்டிற்குச் செல்கின்றன. கி.மு. 2000 முதல் 1600 வரையிலான பழைய பாபிலோனியக் காலத்துப் பள்ளிகளில் மாணவர்கள் இத்தகைய வாய்ப்பாடுகளைப் படியெடுத்துப் பயின்றனர். யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் 7289 என்னும் எண்ணுடைய சிறு பலகை ஒரு சதுரத்தையும் மூலைவிட்டங்களையும் காட்டுகிறது. அதில் பொறிக்கப்பட்ட 1;24,51,10 என்னும் எண் பதின்ம முறையில் 1.414213 ஆகும். இரண்டின் வர்க்கமூலத்திலிருந்து இது பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே விலகுகிறது. அது மாணவர் கையளவிலான பயிற்சிப் பலகை என்பதே அதன் சிறப்பு. அவ்வெண் அன்று பள்ளியறிவாக இருந்தது.

குறையும் இருந்தது. வெற்றிடத்தைக் காட்டும் குறி நெடுங்காலம் இல்லை. எண்ணின் முழு மதிப்பைச் சூழலைக் கொண்டே அறிய வேண்டும். 1 என்னும் ஆப்புக் குறி ஒன்றையும் அறுபதையும் அறுபதில் ஒரு பங்கையும் குறிக்கலாம். எண்களுக்கு இடையில் வெற்றிடத்தைக் காட்டும் குறி செலூக்கிய காலத்து வானியல் பலகைகளில்தான் சீராக வழங்குகிறது.

வானக் குறிப்பேடுகள்

இம்முறை கணக்கரிடமே தங்கியிருந்தால், கணக்கர்கள் மறைந்தபோது அதுவும் மறைந்திருக்கும். மறையாமற் காத்தவை வானப் பதிவுகள். தாலமி தம் காலத்தில் கிடைத்த பாபிலோனியப் பதிவுகள் நபோநாசர் அரசன் ஆட்சியேற்ற கி.மு. 747 முதல் தொடங்குவதாகக் குறிப்பிடுகிறார். இன்று கிடைத்துள்ள வானக் குறிப்பேடுகளுள் முற்பட்டது கி.மு. 652 ஐயும் பிற்பட்டது கி.மு. 61 ஐயும் சேர்ந்தவை. ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் ஒரே நகரில் ஒரே அமைப்பில் எழுதப்பட்ட நோக்கீட்டுத் தொடர் பண்டை உலகில் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு மாதக் குறிப்பில் நிலவும் கோள்களும் எந்த விண்மீனுக்கு அருகில் நின்றன என்பது முதலில் வரும். மேகம் மறைத்த இரவெனில் 'பார்க்கவில்லை' என்னும் குறிப்பு வரும். ஒரு செக்கல் வெள்ளிக்குக் கிடைத்த பார்லி, பேரீச்சை, எள், கம்பளி ஆகியவற்றின் அளவும், யூப்ரடீஸ் ஆற்றின் நீர்மட்டமும் அதே பலகையில் இடம்பெறும். கி.மு. 323 இல் அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்த செய்தி, அரசன் இறந்தான் என்னும் சிறு குறிப்பாக, அன்றைய மேகமூட்டத்தோடு சேர்த்து எழுதப்பட்டுள்ளது. பேரரசர் மறைவும் வானிலையும் ஒரே தரத்தில் பதிவாகும் இக்குறிப்பே அம்மரபின் இயல்பைக் காட்டப் போதுமானது.

இப்பதிவுகளின் துணையால் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முதல் கணிப்பு முறைகள் உருவாயின. கதிரவன் செல்லும் வழி பன்னிரண்டு சம பகுதிகளாகவும், ஒவ்வொன்றும் முப்பது பாகையாகவும் வகுக்கப்பட்டது. நிலவின் வேகம் ஏறி இறங்குவதை, நாள்தோறும் ஒரே அளவு கூட்டியும் உச்சம் தொட்டபின் ஒரே அளவு குறைத்தும் கணித்தனர். இக்கணிப்பில் வடிவியல் படிமம் எதுவும் இல்லை. கோள்கள் எவ்வாறு சுழல்கின்றன என்னும் வினாவை எழுப்பாமலே அடுத்த கிரகணத்தைக் கூறிய வானியல் இது. கிரேக்க மரபை அளவுகோலாகக் கொண்ட பழைய வரலாற்று நூல்கள் இதனைக் குறைவாக மதிப்பிட்டன. அம்மதிப்பீடு ஏற்கத்தக்கதன்று.

ஓர் எண்ணின் பயணம்

அமாவாசை ஒன்றிலிருந்து அடுத்த அமாவாசை வரையிலான சராசரிக் காலம் பிறைமாதம் என்று இங்குக் குறிக்கப்படுகிறது. பாபிலோனியப் பலகைகள் அதனை 29;31,50,8,20 நாள் எனத் தருகின்றன. அதாவது 29 நாளும், அறுபதில் 31 பங்கும், மூவாயிரத்து அறுநூறில் 50 பங்கும் என இறங்கிச் செல்லும் எண். பதின்ம முறையில் 29.530594. இன்றைய மதிப்பிலிருந்து வேறுபாடு ஏறத்தாழ அரை நொடியே.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் 'அல்மகெஸ்ட்' நூலில் இதே எண்ணைத் தந்து, அதனை ஹிப்பார்க்கஸ் கண்டதாகக் கூறுகிறார். கல்தேயரின் நோக்கீடுகளையும் தம் நோக்கீடுகளையும் ஒப்பிட்டு, 126007 நாள் ஒரு மணி நேரத்தில் 4267 பிறைமாதங்கள் நிறைவுறுவதை ஹிப்பார்க்கஸ் கண்டார் என்பது அவர் கூற்று. இவ்விரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால் கிடைப்பது 29;31,50,8,9 ஆகும்; 29;31,50,8,20 அன்று. வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் சான்றாக மிகப் பெரிது. தாமே கணித்தவர் தம் வகுத்தலின் விடையை எழுதியிருப்பார். பாபிலோனிய எண்ணை முன்னரே கையில் வைத்திருந்து, அதனைத் தம் நோக்கீடுகளால் சரிபார்த்தவரே பொருந்தாத கடைசி இலக்கத்தோடு அதனை அப்படியே தந்திருக்க இயலும். இப்பொருத்தமின்மையைக் கோப்பர்னிக்கஸே கவனித்திருந்தார். காரணம் அவர் காலத்தில் எவர்க்கும் தெரியாது.

காரணத்தைக் கண்டவர்கள் மூன்று இயேசு சபைத் துறவியர். பிரித்தானிய அருங்காட்சியகப் பலகைகளை ஸ்ட்ராஸ்மையர் படியெடுத்தார். அவற்றின் வானியல் உள்ளடக்கத்தை 1881 முதல் எப்பிங் விளக்கினார். தாலமி தரும் பிறைமாத அளவு பாபிலோனியப் பலகைகளில் உள்ளதே என்பதை 1900 இல் கூக்ளர் நிறுவினார். ஹிப்பார்க்கஸ் பெயரால் பலவாறு போற்றப்பட்டு வந்த அளவு, பெயரறியாத கோயில் கணக்கர்களுடையது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

யூத நாட்காட்டியில் இவ்வெண் இன்றும் வழங்குகிறது. அங்குப் பிறைமாதம் 29 நாள் 12 மணி 793 பகுதி. ஒரு மணி 1080 பகுதிகள் கொண்டது. கணக்கிட்டால் 29;31,50,8,20 நாள் என்னும் அதே அளவு ஓர் இலக்கமும் மாறாமல் கிடைக்கிறது.

எண்ணை எடுத்துக்கொண்ட கிரேக்கர்கள் அதை எழுதும் முறையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முழு எண்களுக்குத் தம் எழுத்தெண்களையே வைத்துக்கொண்டு, பின்னப் பகுதியை மட்டும் அறுபதின் அடுக்கில் எழுதினர். சந்தையிலும் கருவூலத்திலும் அறுபது நுழையவில்லை. அரபு நூல்களிலும் இதே நிலை: அறுபதின் அடுக்குக் கணக்கிற்கு 'வானியலாரின் கணக்கு' என்பதே பெயர். சமர்க்கந்தில் அல்-காஷி 1424 இல் வட்டத்தின் சுற்றளவு விகிதத்தை ஒன்பது அறுபதின் இலக்கங்கள் வரை கணித்தது இம்முறையிலேதான். இலத்தீனில் 'பார்ஸ் மினுட்டா பிரிமா' என்னும் முதற் சிறுபங்கு மினிட் ஆகவும், 'செகுண்டா' என்னும் இரண்டாம் சிறுபங்கு செகண்ட் ஆகவும் பெயர் பெற்றன. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793 இல் நாளைப் பத்து மணியாகவும் மணியை நூறு நிமிடமாகவும் மாற்ற ஆணையிட்டது. 1795 இல் அவ்வாணை கைவிடப்பட்டது. மீட்டரும் கிலோகிராமும் வென்ற இடத்தில் பதின்ம மணி தோற்றது. எடைக்கும் நீளத்திற்கும் ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவுகளே இருந்தன. காலத்திற்கோ எல்லா நாட்டு வானியல் அட்டவணைகளும் கடிகாரங்களும் ஏற்கெனவே ஒரே முறையில் இருந்தன. பழைய பதிவுகளைக் கைவிடாமல் அம்முறையைக் கைவிட இயலாது.

தெற்கு நோக்கி: 248 நாள்

நிலவு புவிக்கு மிக அண்மையில் உள்ள நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடையும் காலம் ஏறத்தாழ 27.55 நாள். இதனை அண்மைநிலை மாதம் எனலாம். செலூக்கிய காலப் பலகைகளில் இத்தகைய ஒன்பது மாதங்கள் 248 நாளுக்குச் சமமாகக் கொள்ளப்பட்டன. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் 248 உடன் 3031 நாளில் 110 மாதம் என்னும் பெருஞ்சுற்றும் காணப்படுகிறது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த 'பஞ்சசித்தாந்திகை'யில் வசிட்ட சித்தாந்தத்தின் பகுதியாக இவ்விரண்டும் வருகின்றன. தென்னிந்திய வாக்கிய முறையில் இவற்றுடன் 12372 நாள் என்னும் மூன்றாவது சுற்றும் இணைகிறது. நான்கு 3031 உம் ஒரு 248 உம் சேர்ந்தால் 12372. ஒவ்வொரு நாடும் தான் பெற்ற எண்ணை வைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு படி கட்டியுள்ளது.

வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் இச்சுற்றின் ஒவ்வொரு நாளுக்கும் நிலவின் நிலையைச் சொற்களில் பொதிந்து தருகின்றன. எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. சொல்லை மனனம் செய்தவர் அட்டவணையையே மனனம் செய்தவராவார். முதல் நாளில் நிலவு கடக்கும் தொலைவு 12 பாகை 3 கலை. 248 ஆம் நாள் முடிவில், ஒன்பது முழுச் சுற்றுகள் போக, 27 பாகை 44 கலை. பாகையை அறுபது கலையாக்கும் பழைய பங்கீடு இங்கும் தொடர்கிறது.

ஜான் வாரன் 1825 இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்னும் நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த சொற்களைக் கொண்டு, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 தேதிகளுக்கு இடைப்பட்ட சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. எழுதுகோலைத் தொடாமல் செய்யப்பட்ட கணக்கு அது. ஓட்டோ நொய்கபாவர் 1952 இல் 'ஒசிரிஸ்' ஆய்விதழில் 'தமிழ் வானியல்' என்னும் கட்டுரையில் இக்கணக்கை ஒவ்வொரு படியாகப் பிரித்து, அதன் எண்களைப் பாபிலோனியப் பலகைகளின் எண்களோடு இணைத்துக் காட்டினார். தமிழ் என்னும் பெயர் தாங்கிய இக்கட்டுரை தமிழ் ஆய்வுலகில் பெறத்தக்க கவனத்தை இன்னும் பெறவில்லை. வாக்கியகரணத்தின் பதிப்பு டி.எஸ். குப்பண்ண சாஸ்திரி, கே.வி. சர்மா ஆகியோரால் 1962 இல் சென்னையில் வெளிவந்தது. அதன் துணையோடு நொய்கபாவரின் முடிவுகளை மீண்டும் ஆராய இடமுண்டு.

சான்றின் தரம்

தொடர்பு கூறுவதில் எல்லாச் சான்றும் ஒரே தரத்தன அல்ல. சுமேரிய நகரமான ஊரின் பெயரையும் தமிழின் ஊர் என்னும் சொல்லையும் இணைத்து எழுந்த கட்டுரைகள் பல. ஓரசைச் சொற்களின் ஒலி ஒப்புமை எந்த இரு மொழிக்கும் இடையிலும் எளிதில் கிடைக்கும்; அதனால் எதுவும் நிறுவப்படுவதில்லை. எதிர்ப்புறத்திலும் மிகைக்கூற்று உண்டு. வேதாங்க ஜோதிடத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள 3:2 என்னும் விகிதம் பாபிலோனிலிருந்து பெறப்பட்டது என்று டேவிட் பிங்கிரி 1973 இல் வாதிட்டார். அவ்விகிதம் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பகுதிக்கும் பொருந்தும். சிறிய முழு எண்களால் ஆன விகிதம் இரு இடங்களில் தனித்தனியே தோன்றுதலும் அரிதன்று. நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தலையும் இவ்வாறே எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும். வேதாங்க ஜோதிடத்திலேயே அப்பகுப்பு உண்டு. நீர்க்கன்னல் பார்த்துப் பொழுது அறிவிப்போரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. பாபிலோனியர் நாளைப் பன்னிரண்டு பகுதியாகவும் ஒவ்வொன்றையும் முப்பது சிறு பகுதியாகவும் வகுத்தனர். அறுபது பொதுவாக இருத்தல் மட்டும் கடன் வாங்கியதைக் காட்டாது.

248 இன் நிலை வேறு. ஒன்பது மாதத்திற்கு 248 என்பது தோராயமே. மாதத்திற்கு ஒன்றரை நிமிட அளவில் பிழையுடையது. அதனை 3031 ஆல் திருத்திக்கொள்ளும் அமைப்பு எகிப்தியப் பாப்பிரஸிலும் வராகமிகிரரிடத்தும் வாக்கிய முறையிலும் ஒரே வடிவில் உள்ளது. பொதுவான பிழையும் அப்பிழையைத் திருத்தும் பொதுவான வழியும் தற்செயலாக அமைவதில்லை. சுவடிப் பதிப்பாளர் இரு படிகளின் உறவை நிறுவப் பொதுப் பிழையையே நாடுவர்; வானியல் வரலாற்றிலும் அதே நெறி பொருந்துகிறது. பாபிலோனிலிருந்து இந்தியாவிற்கு நேரே வந்ததா, கிரேக்கர் வழியாகவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கேந்திரம், ஓரை போன்ற கிரேக்கச் சொற்கள் இந்திய வானியலில் வழங்குதல் இரண்டாவது வழிக்கு வலுவூட்டுகிறது. 'ஓரை' என்னும் சொல் தொல்காப்பியக் கால ஆய்வில் எழுப்பிய விவாதம் ஆய்வாளர் அறிந்ததே.

தமிழகத்துக் கிராமத்தில் இரு பின்ன முறைகள் அருகருகே வழங்கின என்பதையும் இங்குக் கருத வேண்டும். ஊர்க் கணக்கர் இருபதில் ஒன்றை மா என்றும், எண்பதில் ஒன்றைக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் வைத்து நிலத்தையும் நெல்லையும் அளந்தார். பஞ்சாங்கக் கணிதர் நாளை நாழிகையும் விநாழிகையுமாக, பாகையைக் கலையும் விகலையுமாக அறுபதால் பகுத்தார். மெசொப்பொத்தேமியாவில் கிடங்குக் கணக்கரின் கருவியாக இருந்த அடுக்கு, இங்குக் கணக்கரின் வாய்ப்பாட்டில் இடம்பெறவேயில்லை. அரசு மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்தபோது மாவும் காணியும் முந்திரியும் பள்ளிப் பாடத்திலிருந்தும் பின்னர் வழக்கிலிருந்தும் மறைந்தன. வாக்கியப் பஞ்சாங்கம் திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு போட்டியிட்டபடி ஆண்டுதோறும் அச்சாகிறது. அதில் திதி முடியும் நேரம் இன்றும் நாழிகையிலும் விநாழிகையிலும் தரப்படுகிறது.